மூன்று பொழி, ஒரே நாள்: பூவார் முதல் மணக்குடி வரை தனிப்படகோடு ஒரு சுற்று

குமரி மாவட்டத்தில் படகுச் சவாரி என்றால் விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் படகுதான் பலருக்கும் தெரியும். வரிசையில் நின்று ஏறினால் சில நிமிடங்களில் இறக்கி விட்டுவிடுவார்கள். அரை நாளாவது தண்ணீரோடு இருக்க வேண்டும், நாம் சொல்லும் இடத்தில் படகு நிற்க வேண்டும், தெரியாத கூட்டத்தோடு நெருக்கியடித்து உட்காரக் கூடாது என்று ஆசைப்படுகிறவர்கள் உடனே ஆலப்புழைக்கு வண்டி பிடிக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் மேற்குக் கடற்கரையில் ஆறுகள் கடலைத் தொடும் இடங்களில் (அந்த முகத்துவாரத்தைத்தான் பொழி என்கிறோம்) வரிசையாகக் காயல்கள், அதாவது உப்பங்கழிகள், கிடக்கின்றன. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் நெய்யாறு கடலில் சேரும் பூவார். இந்தப் பக்கம் குழித்துறை தாமிரபரணி சேரும் தேங்காய்ப்பட்டணம். கிழக்கே பழையாறு சேரும் மணக்குடி. மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்று இடத்திலும் படகில் மணிக்கணக்காகச் சுற்ற முடியாது. தனிப்படகு எடுக்கச் சரியான இடம் பூவார்தான். மற்ற இரண்டும் கரையிலிருந்தும் பாலத்திலிருந்தும் பார்க்க வேண்டியவை. அதனால் காலையைப் பூவாருக்குக் கொடுத்து, பகலில் கடலோரமாகக் கிழக்கே வந்து, மாலையில் மணக்குடியில் முடிப்பதுதான் நான் சொல்லும் திட்டம். காற்று எழும்பும் முன் காயலில் இருப்பீர்கள். பிற்பகல் வெயில் முதுகுப் பக்கம் விழும். களைத்துப் போகும் நேரத்தில் நாகர்கோவில் பக்கத்தில் இருக்கும். தலைகீழாகப் போனால் மூன்றும் கெடும்.

பொழி திறந்திருக்கிறதா, அடைந்திருக்கிறதா?

இந்த நாளைத் தீர்மானிப்பது கடிகாரத்தைவிடப் பொழிதான். மழை இல்லாத மாதங்களில் ஆற்றின் வேகம் குறையும். அலை கொண்டுவந்து போடும் மணல் முகத்துவாரத்தை மெல்ல மூடிவிடும். அப்போது காயல் குளம் போலச் சலனமில்லாமல் கிடக்கும், உப்பு குறையும், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மணல் மேலேயே நடந்து போகலாம். மழை பெய்து ஆறு பெருகியதும் தேங்கிய தண்ணீர் மணல்மேட்டை உடைத்துக்கொண்டு பாயும். சில நேரம் வயலும் வீடும் மூழ்காமல் இருக்க ஆட்களே பொழியை வெட்டி விடுவார்கள். திறந்த பிறகு கடல் ஏற்றத்துக்குக் கடல்நீர் உள்ளே வரும், கடல் இறங்கும் வற்றத்துக்கு வெளியே இழுக்கும்.

படகுக்காரருக்கு இரண்டும் பழக்கம்தான். நமக்குத்தான் வித்தியாசம் தெரிய வேண்டும். பொழி அடைந்திருந்தால் படகு சுகமாகப் போகும், குழந்தைகளும் முதியவர்களும் பயமில்லாமல் இருக்கலாம். திறந்திருந்தால் ஆறும் கடலும் மோதுவதைப் பார்க்கலாம், ஆனால் அந்த முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் முழங்கால் அளவு தண்ணீரில்கூட இறங்கக் கூடாது. மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் அடியில் இழுப்பு இருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் அது கொண்டுபோயிருக்கிறது.

எந்த மாதம்?

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். வானம் தெளிந்திருக்கும், மணக்குடியில் பறவைகளும் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் போகலாம், ஆனால் பத்து மணிக்கு மேல் காயலில் வெயில் பொறுக்க முடியாது. தவிர, அது கள்ளக்கடல் காலம். உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் எங்கோ தொலைவில் எழுந்த பேரலை திடீரென்று கரையேறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தது அப்படியொரு எச்சரிக்கை நாளில்தான். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் முன்கூட்டியே அறிவிப்பு தருகிறது. அதை முந்தின நாள் பார்த்துவிடுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. நம் மாவட்டம் இரண்டு மழையும் வாங்கும் ஊர் என்பதால் இடையில் கிடைக்கும் செப்டம்பர் பரவாயில்லை. மழைக்காலத்தில் நெய்யாறு அணையைத் திறந்துவிட்டால் பூவாரில் தண்ணீர் கலங்கி வேகமெடுக்கும், படகையே நிறுத்திவிடுவார்கள்.

நாள் பார்ப்பதில் இன்னும் இரண்டு விஷயம். மாசியில் மண்டைக்காடு கொடை நடக்கும்போது கடலோரச் சாலை நகராது. பங்குனியில் கொல்லங்கோடு தூக்கத் திருவிழா நாளில் பூவார் போகும் வழியே அடைந்துவிடும். திருவிழாவுக்கென்றே போனால் போங்கள், படகோடு சேர்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையையும் தவிர்ப்பது நல்லது. தேவாலயங்களில் காலைப் பூசை முடியும் நேரத்தில் மீனவ கிராமங்களின் குறுகலான சாலையில் கார் ஊர்ந்துதான் போகும்.

முந்தின நாள்

ஆறு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. ஒரு காரில் அடங்கும், ஒரு நடுத்தரப் படகில் நெருக்கமில்லாமல் உட்காரலாம். படகுக்கு ஆள் கணக்கில் இல்லாமல் மொத்தமாகத்தான் பேசுவார்கள் என்பதால் செலவும் பிரியும். வாடகைக் கார் என்றால் கேரளத்துக்குள் நுழைய வரி, பெர்மிட் எல்லாம் இருக்கிறதா என்று ஓட்டுநரிடம் முந்தின நாளே கேளுங்கள். எல்லையில் போய்க் கேட்டால் அரை மணி நேரம் போய்விடும், காலையில் அந்த அரை மணிதான் விலை உயர்ந்தது.

எடுத்துக்கொள்ள அதிகம் ஒன்றுமில்லை. தொப்பி, மாற்றுத் துணி, ரப்பர் செருப்பு, செல்போனுக்குத் தண்ணீர் புகாத உறை. எவர்சில்வர் பாட்டிலில் குடிதண்ணீர். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019-லிருந்தும் கேரளத்தில் 2020-லிருந்தும் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் காயலில் கவரைப் பறக்கவிட்டு வருவது அசிங்கம். தின்பதற்கு ஒரு சீப்பு மட்டிப்பழமும் நேந்திரன் சிப்ஸும் போதும். சின்னக் குழந்தை இருந்தால் அதன் அளவுக்கு உயிர்காப்பு உடை ஒன்றை நீங்களே வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம். பெரியவர்களுக்குப் படகில் எல்லாம் இருக்கும், குழந்தை அளவுதான் பெரும்பாலும் இருக்காது.

விடியும் முன் கிளம்புங்கள்

நாகர்கோவிலிலிருந்து பூவார் சுமார் 45 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலையில் மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகவும் போகலாம். நான் சிபாரிசு செய்வது கருங்கல், புதுக்கடை, கொல்லங்கோடு வழி. ரப்பரும் தென்னையும் வாழையுமாக ஊர் விழிக்கும் நேரத்தில் அந்தச் சாலையில் போவதே தனிச் சுகம். ஐந்து மணிக்கு வண்டி கிளம்பினால் ஆறரைக்குப் படகுத்துறையில் நிற்கலாம். ரயிலில் வருகிறவர்கள் பாறசாலையில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம், ஆனால் அப்புறம் கடலோரமாகத் திரும்பி வர வண்டிக்குத் திண்டாட வேண்டும்.

வழியில் ஒரு கட்டன் சாயா போதும். காலைச் சாப்பாட்டைப் படகுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்த வயிற்றோடு, அதுவும் வளைந்து வளைந்து காரில் வந்த குழந்தைகளோடு, படகில் ஏறுவது நல்ல யோசனை இல்லை.

படகு பேசுவது

பூவாருக்குள் நுழையும் முன்பே சாலையோரத்தில் கையில் படமும் பலகையும் வைத்துக்கொண்டு ஆட்கள் வண்டியை மறிப்பார்கள். எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுக்குப் போகும் கமிஷன் உங்கள் வாடகையில்தான் ஏறும். கண்ணாடியை இறக்காமல் நேராகத் துறைக்குப் போய்விடுங்கள். துறைகள் பல இருக்கின்றன. ஒரு இடத்தில் பேசிப் பிடிக்கவில்லை என்றால் அடுத்ததற்குப் போகலாம். அதுவும் காலை ஆறரைக்கு நீங்கள்தான் முதல் போணி, பேரம் உங்கள் பக்கம் சாயும்.

விலை கேட்கும் முன் படகைப் பாருங்கள். பதிவு எண் எழுதியிருக்கிறதா? எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா? உள்நாட்டு நீர்வழியில் ஓடும் எந்திரப் படகுகளுக்குப் பதிவும் தகுதிச் சான்றும் வேண்டும் என்று 2021-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் 22 பேர் இறந்தார்களே, அந்தப் படகு மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றி, இருட்டிய பிறகு ஓட்டினார்கள். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். "ஒண்ணும் ஆகாது, தைரியமா ஏறுங்க" என்று சொல்கிறவரின் படகில் நான் ஏற மாட்டேன்.

உயிர்காப்பு உடையை எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது, போட்டுப் பாருங்கள். கொக்கி பூட்டுகிறதா, உள்ளே உள்ள நுரை சிதைந்திருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தாலே தெரியும். பெஞ்சுக்கு அடியில் மூட்டையாகக் கட்டி வைத்திருக்கும் உடை யாரையும் காப்பாற்றாது.

அப்புறம் விலை. சீசனுக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று என்று மாறும் என்பதால் தொகை சொல்லிப் பயனில்லை. எதைக் கேட்க வேண்டும் என்பதுதான் முக்கியம். படகுக்கா, ஆளுக்கா? நேரம் துறையை விட்டுக் கிளம்பியதிலிருந்தா? மணல் திட்டில் இறங்கி நிற்கும் நேரமும் வாடகைக் கணக்கில் வருமா? மிதக்கும் உணவகத்தில் காத்திருந்தால்? எந்தெந்த இடம் கூட்டிப் போவார், எங்கே கரை இறங்கலாம்? இதையெல்லாம் பேசி முடித்ததும் அவருடைய எண்ணுக்கு வாட்ஸாப்பில் ஒரு வரியாக அனுப்பிவிடுங்கள்: "3 மணி நேரம், 6 பேர், இந்தத் தொகை, நிற்கும் நேரம் உட்பட." கொஞ்சம் முன்பணம், மீதி திரும்பி வந்ததும். பெரும்பாலான தகராறு இந்த ஒரு வரியில் தீர்ந்துபோகும்.

ஒரு மணி நேரப் பேக்கேஜைத்தான் முதலில் தள்ளப் பார்ப்பார்கள். அது வேண்டாம். கண்டல் (அலையாத்தி) காட்டுக்குள் நுழைந்து, படம் எடுத்து, பொழியைத் தூரத்தில் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மூன்று மணி நேரம் எடுங்கள். அதற்கு மேலும் தேவையில்லை, காயல் அவ்வளவு பெரியதில்லை.

பேச்சு எந்த மொழியில் என்ற கவலை வேண்டாம். பூவாரில் தமிழ் எல்லோருக்கும் புரியும். "சேட்டா, பொழி திறந்திருக்கா அடைஞ்சிருக்கா? இன்னிக்கு வெள்ளம் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள் (வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர்). வந்தவருக்கு விஷயம் தெரியும் என்று புரிந்தால் பதிலும் நேராக வரும், பேக்கேஜ் பாட்டும் நிற்கும்.

படகில் மூன்று மணி நேரம்

கனமானவர்கள் நடுவில், குழந்தைகள் உள்பக்கம். ஏறும்போது ஒருவர் உட்கார்ந்த பிறகு அடுத்தவர். முதியவர்களை ஏற்றும்போது படகோட்டியின் கையைப் பிடிக்கச் சொல்லுங்கள், படகின் விளிம்பைப் பிடித்தால் அது ஆடும். பறவையோ பாம்போ தெரிந்தால் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து சாயக் கூடாது என்று கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள். படகில் கழிப்பறை கிடையாது, துறையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்டல் காட்டுக் கால்வாய்கள். வரிசையை இப்படி வைக்கச் சொன்னாலும் சில படகோட்டிகள் பொழிக்கே முதலில் விடுவார்கள், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் பிடிவாதமாக இருங்கள். ஏழு மணி வெளிச்சம் இலைகளுக்கு இடையே சாய்ந்து விழும் நேரத்தில்தான் அந்தக் கால்வாய்க்கு உயிர் இருக்கும். பத்து மணிக்குப் பத்துப் படகு உள்ளே இருக்கும், எஞ்சின் புகைதான் மிச்சம். உள்ளே நுழைந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டுத் துடுப்புப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் கொஞ்சம் கெஞ்சுங்கள். அந்தப் பதினைந்து நிமிட மௌனத்தில் மீன்கொத்தி தண்ணீரில் விழும் சத்தம்கூடக் கேட்கும். நீர்க்காகம் இறகை விரித்துக் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பாம்புத்தாரா கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும், மேலே செம்பருந்து வட்டமிடும்.

அங்கிருந்து அகன்ற காயலுக்கு வந்து நெய்யாற்றில் கொஞ்சம் மேலே போகலாம். கரையில் துணி துவைப்பவர்கள், தென்னந்தோப்பு, மீன்வலை. பெரிதாகக் காட்சி என்று ஒன்றும் இல்லை. ஆனால் சுற்றுலாவுக்காக இல்லாத வாழ்க்கையைப் பார்ப்பது இந்தப் பகுதியில்தான். வீடுகளை நோக்கிக் கேமராவை நீட்டாதீர்கள்.

கடைசியில் பொழி. ஒரு பக்கம் காயல், மறு பக்கம் அரபிக்கடல், நடுவே மணல்மேடு. படகைக் காயல் பக்கமாக ஒதுக்கி இறக்கிவிடுவார்கள். மணலில் நடந்து கடலைப் பாருங்கள், குளிப்பதை மறந்துவிடுங்கள். கடல் மணல்மேட்டுக்கு மேலே சரிவாக அறைந்துவிட்டுப் போகும், காலுக்குக் கீழே மணலை உருவிக்கொண்டு போகும். குழந்தையின் கையை விடாதீர்கள். திரும்பும் வழியில் ஆனைப்பாறையைக் காட்டுவார்கள், பார்த்துவிட்டு வரலாம்.

மிதக்கும் உணவகங்களைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. இடம் அழகு, ஆனால் விலை அந்த அழகுக்கும் சேர்த்துத்தான். அங்கே சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் மீனை எடை போட்டு, பொரித்த பிறகு என்ன விலை என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நான் பத்து மணிக்குக் கரையேறி, கொல்லங்கோட்டில் புட்டும் கடலையும் சாப்பிடுவதையே விரும்புவேன்.

பாதியில் நின்ற கால்வாயின் ஓரமாக

இனி சாலை. ஆனால் இதுவும் ஒரு காலத்தில் படகுவழியாக இருந்திருக்க வேண்டியதுதான். திருவிதாங்கூரில் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1860-ல், திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைக்கும் எண்ணத்தில் வெட்டத் தொடங்கியது அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய். பத்மநாபசுவாமி, விக்டோரியா மகாராணி, மன்னர் என்று மூவர் பெயரையும் ஒன்றாகச் சுமந்த கால்வாய் கன்னியாகுமரி வரை போய்ச் சேரவே இல்லை. பூவாரிலிருந்து தேங்காய்ப்பட்டணம், குளச்சல் வழியாக மண்டைக்காடு பக்கம் வரை வந்தது. உப்பும் தேங்காயும் கயிறும் அதில் வள்ளத்தில் (நாட்டுப்படகில்) போன காலம் ஒன்று உண்டு. இப்போது மணல் தூர்ந்து, ஆகாயத்தாமரை மூடி, ஆக்கிரமிப்பில் சுருங்கி, துண்டு துண்டாகத்தான் கண்ணில் படும். அதை முழுக்கத் தூர்வாரியிருந்தால் இந்தக் கட்டுரையில் காருக்கே வேலை இருந்திருக்காது.

எல்லையைத் தாண்டியதும் நீரோடி. அங்கிருந்து மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை என்று எட்டு மீனவ ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கால்வாய். ஆழ்கடலில் சுறா பிடிப்பதற்குப் பேர்போன ஊர்கள் இவை. 2017 நவம்பர் 30-ல் வந்த ஒக்கிப் புயலில் இந்த ஊர்களிலிருந்து போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களாக இங்கே நடந்துகொள்ளாதீர்கள். வண்டியை மெதுவாக ஓட்டி, வலை காயும் இடத்தில் ஏற்றாமல், யாராவது பேசினால் நின்று பேசிவிட்டுப் போங்கள். கடலரிப்பில் சாலை உடைந்து மூடியிருக்கும் நாளும் உண்டு. உள்ளூரில் கேட்டு, தேவையென்றால் கொல்லங்கோடு வந்து புதுக்கடை வழியாகச் சுற்றுங்கள்.

தேங்காய்ப்பட்டணம்

கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து குழித்துறை ஆறாகி இங்கே கடலைத் தொடுகிறது. திருநெல்வேலித் தாமிரபரணிக்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

காயலுக்குள் படகு கிடைக்கும் நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. பூவார் மாதிரி துறையும் போட்டியும் எதிர்பார்க்காதீர்கள். கிடைத்தால் பூவாரில் பார்த்த அதே சோதனைகளை இங்கேயும் செய்யுங்கள். முக்கியமான நிபந்தனை, படகு உள்நோக்கி ஆற்றில்தான் போக வேண்டும். மேலே பரக்காணியில் உப்புநீர் ஏறாமல் இருக்கத் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள், அதற்கு இந்தப் பக்கம் உள்ள தூரம் அரை மணிச் சவாரிக்குப் போதும். துறைமுகத்தின் முகத்துவாரப் பக்கம் போகலாமா என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள். அங்கே மணல் சேர்ந்து அலை உடைவதால் கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் வள்ளங்களே கவிழ்ந்து உயிர் போயிருக்கிறது.

மதியச் சாப்பாடு இங்கேயோ குளச்சலிலோ. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளைக் கறியும் (மத்தி மீன்) கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டாம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வள்ளத்து மீன்தான் வரும், அளவு குறைவு, விலை கூடுதல், ருசி ஒன்றும் குறையாது. சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் எங்காவது நிழலில் உட்காருங்கள். இந்த நேரத்தில் எந்தக் கடற்கரையும் அழகில்லை. சீசனில் வழியோரத்தில் அக்கானி (பதநீர்) விற்பார்கள், குடியுங்கள்.

குளச்சலிலிருந்து மணக்குடிக்கு

மூன்று மணிக்கு மேல் கிளம்பினால் சரியாக இருக்கும். குளச்சலில் 1741-ல் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா (கால்வாய் வெட்டியவருக்கு முந்தியவர்) தோற்கடித்ததற்கான தூண் நிற்கிறது, ஐந்து நிமிடம். மணவாளக்குறிச்சியில் கறுப்பு மணல், தோரியம் உள்ள மோனசைட் கலந்தது. கடியபட்டணத்தில் வள்ளியாறு கடலில் சேருமிடம் ஒரு குட்டிப் பொழி, நேரமிருந்தால் எட்டிப் பாருங்கள். முட்டத்தில் கலங்கரை விளக்கமும் பாறைகளும் உண்டு, சூரியன் மறைவதைப் பார்க்க ஊரே அங்கே கூடும். கூட்டம் பிடித்தவர்கள் அங்கேயே நாளை முடித்துக்கொள்ளலாம். நான் ராஜாக்கமங்கலம் வழியாக மணக்குடிக்குத்தான் வண்டியை விடுவேன்.

சுருளகோட்டில் தொடங்கி நாகர்கோவிலையும் சுசீந்திரத்தையும் தொட்டுவரும் பழையாறு, கீழ மணக்குடிக்கும் மேல மணக்குடிக்கும் நடுவே காயலாக விரிகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி இங்கிருந்த பாலத்தை அடித்துக்கொண்டு போனது. பிறகு கட்டிய பாலத்தின் மேல் நின்றால் ஒரு பக்கம் பொழியும் கடலும், மறு பக்கம் அலையாத்தித் திட்டுகளும் தெரியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கூழைக்கடாவும் நாரைகளும் இறங்கும். பக்கத்தில் புத்தளம் உப்பளங்களில் பூநாரைகள் நிற்கும் ஆண்டுகளும் உண்டு. கையில் ஒரு பைனாகுலர் இருந்தால் ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது.

இங்கே படகு வேண்டாம் என்பேன், கிடைத்தாலும். காயல் சின்னது. எஞ்சின் சத்தத்தோடு ஒரு படகு அலையாத்திக்குப் பக்கத்தில் போனால் பறவை எல்லாம் எழுந்துவிடும், பாலத்தில் நிற்கும் பத்துப் பேருக்கும் காட்சி போய்விடும். இன்னொரு காரணமும் இருக்கிறது. நாகர்கோவில் பக்கத்துக் கழிவுநீர் பழையாற்றில் கலந்துதான் இங்கே வருகிறது. கோடையில் பொழி அடைந்திருக்கும்போது தண்ணீர் வாடை அடிக்கும், கையை நனைக்கக்கூடத் தோன்றாது. பொழி திறந்த பிறகு கடல்நீர் வந்து கழுவிவிட்டால் அதே காயல் கண்ணாடி மாதிரி தெளியும். மணக்குடிக்கு மட்டும் பொழி திறந்த காலமே நல்ல காலம்.

இருட்டியதும் சுசீந்திரம் வழியாக நாகர்கோவில் அரை மணி நேரத்துக்குள்.

படகு ஓடாத நாளில்

அதிகாலையில் பூவாருக்குப் போன் போட்டு "இன்று படகு இல்லை" என்று பதில் வந்தால் காரணத்தைக் கேளுங்கள். கடல் சீற்றத்தால் நிறுத்தம், ஆறுகள் சாதாரணம் என்றால் வண்டியை மலைப்பக்கம் திருப்புங்கள். திற்பரப்பில் அருவிக்கு மேலே கோதையாறு தேங்கி நிற்கும் தடாகத்தில் படகுச் சவாரி உண்டு. தனிப்படகு கிடையாது, நேரமும் கொஞ்சம்தான், ஆனால் குழந்தைகள் ஏமாந்து வீட்டில் உட்கார வேண்டாம். வெள்ளத்தால் நிறுத்தம் என்றால் திற்பரப்பிலும் தடை போட்டிருப்பார்கள். அப்போது மாத்தூர் தொட்டிப்பாலம். 1966-ல் கட்டியது, 115 அடி உயரத்தில் பாசனக் கால்வாய் போகிறது, பக்கத்திலேயே நடைபாதை. மேலே நின்று பார்த்தால் கீழே பரளியாறு செந்நிறமாகச் சுழித்துக்கொண்டு போகும். அந்தத் தண்ணீர் தேங்காய்ப்பட்டணத்துக்குத்தான் போகிறது, அங்கே பொழி அன்றைக்கு எப்படி இருக்கும் என்று பாலத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். படகுக்காரருக்குக் கொடுத்த முன்பணம் இருந்தால் திரும்பக் கேட்டுச் சண்டை போடாமல் வேறு தேதிக்கு மாற்றச் சொல்லுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.